கிருஷ்ணகிரியிலிருந்து கிருஷ்ணமிருகத்தைத் தேடி: ஜெயமங்கலி வெளிமான் காப்பகத்துக்கு முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரி என்ற பெயருக்குக் கருமலை என்று பொருள் சொல்வார்கள். ஊரைச் சுற்றி நிற்கும் கருங்கல் குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கத்தில் ஐயம் எழாது. அதே ‘கிருஷ்ண’ என்னும் சொல்லைப் பெயரில் தாங்கிய ஒரு விலங்கு, கிருஷ்ணகிரியிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், கர்நாடகமும் ஆந்திரமும் தொட்டுக்கொள்ளும் எல்லையிலுள்ள வறண்ட புல்வெளி ஒன்றில் வாழ்கிறது. கன்னடத்தில் அது கிருஷ்ணமிருகம், தெலுங்கில் கிருஷ்ணஜிங்க, ஆந்திரப் பிரதேசத்தின் மாநில விலங்கும் அதுவே. தமிழில் வெளிமான் என்கிறோம். இரலை, புல்வாய் என்ற பழைய பெயர்களும் அதற்கு உண்டு. இத்தனை பெயர்களுள் ‘வெளிமான்’ என்பதே அதன் வாழ்வை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது: வெட்டவெளியில் பிறந்து, வெட்டவெளியிலேயே வாழும் மான்.

துமகூரு மாவட்டம், மதுகிரி வட்டம், மைதனஹள்ளி என்னும் சிற்றூரை ஒட்டி 798 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ள இப்புல்வெளி, 2007-ஆம் ஆண்டில் ஜெயமங்கலி வெளிமான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சதுரக் கிலோமீட்டரில் சொன்னால் மூன்றேகால்தான். 504 சதுரக் கிலோமீட்டரில் விரிந்திருக்கும் நம் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தோடு ஒப்பிட்டால் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆயினும் அந்த யானைக்காட்டில் பல முறை அலைந்தும் கிடைக்காத ஓர் அனுபவம் இங்கே ஒரே காலையில் கிடைக்கும்: ஒரு விலங்குக் கூட்டத்தின் முழு வாழ்க்கையையும், மேய்ச்சல், சண்டை, காதல், ஓட்டம் என எதையும் இலை மறைக்காமல், மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

எனக்குத் தெரிந்து ஓசூர்ப் பக்கத்திலிருந்து போய்வந்தவர்களுள் பலர், ‘தூரத்தில் நாலு மான் ஓடியது, வேறு ஒன்றும் இல்லை’ என்றுதான் சொன்னார்கள். அவர்கள் காட்டுக்குப் போகும் பழக்கத்தோடு புல்வெளிக்குப் போயிருந்தார்கள். காட்டில் விலங்கும் நாமும் திடீரென்று எதிர்ப்படுகிறோம். புல்வெளியிலோ நாம் வண்டியை விட்டு இறங்கும்போதே அது நம்மைப் பார்த்துவிடுகிறது. ஆகவே இங்கே எல்லாமே தொலைவைப் பற்றியதுதான்: எவ்வளவு தொலைவில் நிற்பது, அதை யார் தீர்மானிப்பது என்ற இரண்டும் விளங்கிவிட்டால் மற்றவை தாமே அமைந்துவிடும்.

படி 1: ‘சும்மா கிடக்கிற இடம்’ என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுச் செல்லுதல்

மரமில்லாத நிலத்தைக் கண்டால் ‘சும்மா கிடக்கிறது’ என்று சொல்வது நம் வழக்கம். வருவாய்ப் பதிவேடுகளும் அதைத் தரிசு என்றோ புறம்போக்கு என்றோ எழுதி வைக்கின்றன. ஆனால் அதே பதிவேடுகளில் ‘மேய்ச்சல் புறம்போக்கு’, ‘மந்தைவெளி’ என்ற சொற்களும் இருக்கின்றன. புல்லே ஊரின் செல்வமாக இருந்த காலத்தின் மிச்சம் அது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த நடுகற்களுள் பல, ஆநிரை கவரச் சென்றோ மீட்கப் போராடியோ மாண்ட வீரர்களுக்காக நடப்பட்டவை; தருமபுரி நகரில் உள்ள அருங்காட்சியகத்தில் அவற்றுள் சிலவற்றை வரிசையாக நிற்கக் காணலாம். மாட்டுக்காக உயிரைக் கொடுக்கும் அளவுக்கு மந்தைகள் இருந்தன என்றால், அவற்றை வளர்த்த புல்வெளிகள் எவ்வளவு பரந்து கிடந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். இன்றும் பெயர் சொல்லும் ஆலம்பாடி மாடும் மேச்சேரி ஆடும் அத்தகைய வறண்ட மேய்ச்சலில் உருவான இனங்களே.

வறண்ட புல்வெளி என்பது அழிந்துபோன காட்டின் எச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். மழைக் குறைவும், ஆழமில்லாத மண்ணும், மேய்ச்சலும், அவ்வப்போது பரவும் தீயும் சேர்ந்து, மரம் அடர விடாமல் புல்லுக்கு இடம் கொடுத்து வைத்திருக்கும் தனி வகை நிலம் அது. அதன் உயிர்ச்சத்தின் பெரும்பகுதி தரைக்கு மேல் தெரிவதில்லை. மண்ணுக்கடியில் பின்னிக் கிடக்கும் வேர்களில் இருக்கிறது. எனவேதான் கோடையில் காய்ந்து சருகான புல்வெளி, இரண்டு மழைக்குள் பச்சையாகிவிடுகிறது. நல்லெண்ணத்தோடு அங்கே மரம் நட்டால், நிழல் விழும் இடத்தில் புல் மெலியும். புல்லை நம்பிய உயிர்கள் ஒதுங்கும். ஜெயமங்கலியிலேயே புல்வெளிக்கு நடுவே தைலமரத் தோப்புகள் நிற்பதை நீங்கள் பார்ப்பீர்கள். தோப்புக்குள் கால் மணி நேரமும் வெளியில் கால் மணி நேரமும் நின்று, இரண்டு இடத்திலும் கண்ணில் பட்ட உயிர்களை எண்ணிப் பார்த்தால் எந்த விளக்கமும் தேவைப்படாது.

பக்கத்து வட்டமான பாவகடாவில் உழவர்களிடம் குத்தகைக்குப் பெற்ற ஏறத்தாழ 13,000 ஏக்கர் வறண்ட நிலத்தில், 2,050 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் பூங்கா நிற்கிறது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மரங்கள் அடர்ந்த 13,000 ஏக்கரில் எத்திட்டம் வந்தாலும் எழுந்திருக்கக்கூடிய கேள்விகளில் கால்வாசிகூட வெட்டவெளிக்கு எழுவதில்லை என்பது என் நெடுநாள் குறை. அந்தப் பரப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் 798 ஏக்கர் எவ்வளவு சிறிய கைப்பிடி என்பது விளங்கும்.

படி 2: உள்ளூரில் கண்ணைப் பழக்குதல்

வெளிமானுக்கென்று ஒதுக்கிய இடம் கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் இல்லை. தமிழ்நாட்டில் அதைக் காணக் கோடியக்கரைக்கோ, கிண்டிக்கோ, மோயாற்றுப் பள்ளத்தாக்குக்கோ, தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டுக்கோதான் செல்ல வேண்டும். எனினும் புல்வெளியைப் பார்க்கும் பயிற்சியை வீட்டுக்கு அருகிலேயே தொடங்கிவிடலாம். பாரூர் ஏரிக்கரை, கிருஷ்ணகிரி அணையின் நீர் வற்றிய ஓரங்கள், அறுவடை முடிந்த கேழ்வரகுக் கொல்லைகள் ஆகிய எவற்றிலேனும் ஒரு காலை நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். மண் நிறத்தில் மண்ணோடு மண்ணாக நகரும் வானம்பாடியையும், ஆளைக் கண்டதும் ஊரைக் கூட்டும் ஆள்காட்டியையும், வேலி ஓரத்தில் கரகரக்கும் கௌதாரியையும், மின்கம்பியில் அமர்ந்த கீச்சானையும் பனங்காடையையும் பிரித்தறிய வந்துவிட்டால், மைதனஹள்ளியில் உங்கள் நேரத்தில் பாதி மிச்சம்.

படி 3: பருவத்தைத் தேர்ந்தெடுத்தல்

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே முதல் முறை செல்வோருக்கு ஏற்றவை. காலை குளிர்ச்சியாக இருக்கும். வலசை வந்த பருந்துகள் இருக்கும். புல் பொன்னிறமாகி, வெளிமான் ஆணின் கருமை அதன்மேல் எடுப்பாகத் தெரியும். புல் பச்சையாக இருக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் கண்ணுக்கு அழகானவை, ஆனால் சேறும் திடீர் மழையும் பயணத்தைக் கெடுக்கலாம். வெளிமானின் இணைசேரும் காலம் மார்ச் முதல் மே வரையும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையும் உச்சத்தில் இருப்பதால், ஆண்களின் சண்டையைக் காண விரும்புவோர் இரண்டாம் முறை அந்த மாதங்களில் செல்லலாம். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பது மணிக்குமேல் தரையிலிருந்து எழும் வெப்ப அலையில் பைனாகுலர் வழியே பார்க்கும் மான்கூடத் தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளியும். படம் எடுக்க வழியே இல்லை.

படி 4: பயணம்

காரில் செல்வோருக்குப் பெங்களூரு நகருக்குள் நுழையாத வழி உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், அத்திப்பள்ளி, சர்ஜாபூர், ஹொஸ்கோட்டே, தேவனஹள்ளி, தொட்டபள்ளாபூர், கௌரிபிதனூர் என்று சென்று, அங்கிருந்து மதுகிரி வட்டத்துக்குள் திரும்பி மைதனஹள்ளியை அடையலாம். அதிகாலை என்றால் நாலரை மணி நேரம் ஒதுக்குங்கள். தருமபுரியிலிருந்து புறப்படுவோர் அதனோடு முக்கால் மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் கிளம்பித் தூக்கக் கலக்கத்தோடு ஓட்டுவதைவிட, முந்தின நாளே சென்று 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹிந்துப்பூரிலோ, மதுகிரியிலோ தங்கிக்கொள்வது அறிவுடைமை. ரயிலை நம்புவோர் தருமபுரியிலோ ஓசூரிலோ ஏறிப் பெங்களூரு சென்று, வேறு வண்டியில் ஹிந்துப்பூர் நிலையத்தில் இறங்கி, மறுநாள் விடியலுக்கு வாடகைக் கார் பேசி வைத்துக்கொள்ளலாம். (மாவட்டத் தலைநகராக இருந்தும் ரயில் நிலையம் இல்லாத கிருஷ்ணகிரிக்காரர்கள் முதலில் ஓசூருக்குப் பேருந்து ஏற வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.)

வழியில் ஒன்றைக் கவனியுங்கள். ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளியில் நிறைந்து, பின் கிருஷ்ணகிரி அணைக்கு வந்து சேரும் தென்பெண்ணை, சிக்கபள்ளாபூர் மாவட்டத்து நந்திமலைப் பகுதியில் பிறக்கிறது. அதே பகுதியில் பிறந்து எதிர்த்திசையில் கௌரிபிதனூர், ஹிந்துப்பூர் வழியாக வடக்கே செல்லும் ஆறு வடபெண்ணை. தேவராயனதுர்க்கக் குன்றுகளில் தோன்றும் ஜெயமங்கலி அந்த வடபெண்ணையின் துணையாறு. காப்பகத்துக்குப் பெயர் தந்ததும் அதுவே. ஆக, நாம் போவது அயலூருக்கு என்றாலும், அந்த நிலத்தின் ஆறும் நம் நிலத்தின் ஆறும் அக்காள் தங்கைகள்.

மொழி ஒரு தடையாகாது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர்களில் பலருக்கு வீட்டு மொழியே தெலுங்கோ கன்னடமோதான். மைதனஹள்ளிச் சுற்றுவட்டாரத்தில் இரண்டும் செல்லும். கன்னடத்தில் ‘ஜிங்கெ’, தெலுங்கில் ‘ஜிங்க’ என்ற ஒரு சொல் போதும், ஆடு மேய்ப்பவர் கையை நீட்டித் திசை காட்டிவிடுவார்.

படி 5: உடையும் கருவியும்

முதன்முறை நான் வெள்ளைச் சட்டையில் சென்றேன். விடியல் வெளிச்சத்தில் அந்தச் சட்டை ஒரு விளக்குக் கம்பம்போல் தெரிந்திருக்க வேண்டும். கூட்டம் என்னைப் பார்த்த நொடியில் தொடங்கிய ஓட்டத்தை ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் நிறுத்தியது. காய்ந்த புல்லின் நிறத்திலோ மண் நிறத்திலோ உடுத்துங்கள். 8×42 அளவிலான பைனாகுலர் ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் செல்வதைவிட ஊரிலேயே இருந்துவிடலாம். படம் எடுப்போருக்கு 400 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ் தேவைப்படும். கணுக்காலுக்கு மேல் மூடும் காலணி, தொப்பி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கட்டுச்சோறு ஆகியவற்றோடு மாற்று டயரில் காற்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்வேல முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் காற்றில்லாத மாற்று டயரைத்தான் முதலில் தேடி வரும் என்பது என் அனுபவம்.

படி 6: அணுகுதல்

விடிவதற்கு முன் சென்று சேருங்கள். காவலில் இருக்கும் வனத்துறை ஊழியரிடம் விவரம் சொல்லி, அனுமதி பெற்று, அவர் காட்டும் தடத்தில் மட்டும் நடக்க வேண்டும். வண்டியைத் தடத்தை விட்டு இறக்கிப் புல்லின்மேல் ஓட்டுவது இங்கே செய்யக்கூடிய பெரிய தீங்கு. வானம்பாடி, ஆள்காட்டி, கண்கிலேடி, கௌதாரி ஆகிய அனைத்தும் தரையில் முட்டையிடுபவை. கண்கிலேடியின் முட்டையை இரண்டடி தொலைவில் வைத்துக் காட்டினாலும் அது கூழாங்கல் என்றுதான் சொல்வீர்கள். சக்கரத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

உள்ளே கண்காணிப்புக் கோபுரம் ஒன்று உண்டு. முதல் அரைமணி நேரத்தை அதன்மேல் உட்கார்ந்தே செலவிடுங்கள். கூட்டங்கள் எத்தனை, எந்தக் கூட்டம் எத்திசையில் மேய்ந்து நகர்கிறது, தனித்து நிற்கும் கரிய ஆண்கள் எங்கெங்கே நிற்கின்றன என்பதையெல்லாம் மனத்தில் படமாக வரைந்துகொண்ட பிறகே கீழே இறங்க வேண்டும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு வழியை அமைத்துக்கொள்ளுங்கள். நிறம் உங்களுக்குத் தெளிவாகத் தெரியும், உங்களைப் பார்க்க மானின் கண் கூசும்.

வெளிமான் முகர்தலையோ கேட்டலையோ பெரிதும் நம்புவதில்லை. அதன் காவல் முழுவதும் கண்ணில் இருக்கிறது. ஆகவே காற்றின் திசையைப் பற்றிக் காட்டில் கற்ற பாடம் இங்கே பாதிதான் உதவும். உருவத்தின் அளவும், அசைவின் வேகமும், செல்லும் திசையுமே முக்கியம். நேராக அதை நோக்கி நடந்தால், பசித்த விலங்கு வருவதாகவே அது எடுத்துக்கொள்ளும். கடந்து போகிறவர்போல் சாய்வாக நடந்து, நாற்பது ஐம்பது அடிக்கு ஒரு முறை நின்று, நின்ற இடத்தில் வேறு பக்கம் பார்த்திருந்து, பிறகு மறுபக்கம் சாய்வாக நடப்பதே முறை. கடைசிக் கட்டத்தில் உட்கார்ந்துவிடுங்கள்; உட்கார்ந்த மனிதனின் உருவம் பாதியாகிவிடுகிறது. கம்பளியும் கோலுமாக ஆடு ஓட்டிச் செல்பவர் நூறு அடிக்குள் கடந்து போகும்போது தலையைக்கூடத் தூக்காத கூட்டம், கேமராவோடு முந்நூறு அடியில் நிற்பவரைக் கண்டு கலைவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். மேய்ப்பவர் அவற்றை நோக்கிப் போவதே இல்லை. தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறார், அவ்வளவுதான்.

எவ்வளவு தொலைவு சரியானது என்பதற்கு அடிக்கணக்கு கிடையாது, மானே சொல்லும். மேய்ந்துகொண்டிருப்பவற்றுள் ஒன்று தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். அது மீண்டும் குனிந்து மேயத் தொடங்கினால், அந்தத் தொலைவை அது ஏற்றுக்கொண்டது என்று பொருள். இரண்டு மூன்று தலைகள் தூக்கியே இருந்து, ஐந்து நிமிடமாகியும் குனியவில்லை என்றால், நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். ஓட விடாமல் பின்வாங்குங்கள். ஒரு முறை ஓடவிட்ட கூட்டம் அன்று முழுவதும் எச்சரிக்கையாகவே இருக்கும். உங்களுக்குப் பின் வருபவருக்கும் அன்றைய நாள் வீணாகும்.

படி 7: வெளிமானைப் படித்தல்

கூட்டத்தை எண்ணும்போது ‘மொத்தம் இத்தனை’ என்று எண்ணுவதில் பயனில்லை. வகை பிரித்து எண்ண வேண்டும். கொம்பில்லாத, மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தவை பெண்கள். கொம்புள்ளவை அனைத்தும் ஆண்கள். அவற்றுள் முறுக்கே இல்லாத நேரான முளைக்கொம்பு உடையது ஒரு வயதை ஒட்டிய இளம் ஆண். முறுக்கு விழத் தொடங்கியும் உடல் இன்னும் பழுப்பாகவே இருப்பது அதற்கு அடுத்த வயதினது. மூன்று, நான்கு முறுக்குகளோடு நீண்ட கொம்பும், கருத்த முதுகும், வெண்ணிற வயிறும், கண்ணைச் சுற்றிய வெண்வளையமும் உடையது முழு வளர்ச்சியடைந்த ஆண். கொம்பு 35 முதல் 75 சென்டிமீட்டர் வரை வளரும். புள்ளிமானைப்போல் இது கொம்பை ஆண்டுதோறும் உதிர்ப்பதில்லை. எலும்பின்மேல் உறைபோல் அமைந்த கொம்பு வாழ்நாள் முழுவதும் தலையிலேயே இருக்கும். பெயரில் மான் என்றாலும் உறவில் இது ஆடுமாடுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்கு அதுவே சான்று. ஆணின் கருமை பருவத்துக்கேற்பக் கூடவும் குறையவும் செய்யும். தென்னாட்டு ஆண்கள் பெரும்பாலும் வடநாட்டவற்றைப்போல் மைக்கறுப்பாவதில்லை, அடர்பழுப்போடு நின்றுவிடுகின்றன. ஆகவே ‘கறுப்பாக ஒன்றும் தெரியவில்லையே’ என்று ஏமாற வேண்டாம்.

தனித்து நிற்கும் கரிய ஆணைக் கண்டால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதையே ஒரு மணி நேரம் பாருங்கள். அது தனிமையில் வாடி நிற்பதாகத் தோன்றும். உண்மையில் அது தன் நிலத்துக்குக் காவல் நிற்கிறது. கண்ணுக்கு முன்னுள்ள சுரப்பியைப் புல் நுனியிலும் குச்சியிலும் தேய்த்து மணத்தைப் பதிக்கும். குறிப்பிட்ட இடங்களில் மீண்டும் மீண்டும் புழுக்கை இட்டு மேடாக்கி வைத்திருக்கும். நடக்கும்போது இத்தகைய புழுக்கைக் குவியலைக் கண்டால் நீங்கள் யாரோ ஒருவரின் எல்லைக் கல்லருகே நிற்கிறீர்கள். பெண்கள் அந்த நிலத்துக்குள் நுழைந்ததும் அது மூக்கை வானோக்கித் தூக்கி, கொம்பு முதுகைத் தொடுமளவுக்குச் சாய்த்து, காதைத் தாழ்த்தி, குறுநடை போட்டுச் சுற்றிவரும். மற்றோர் ஆண் எல்லையில் தோன்றினால் முதலில் இரண்டும் பக்கவாட்டில் இணையாக நடக்கும். பெரும்பாலான சச்சரவுகள் அந்த நடையிலேயே முடிந்துவிடும், மிகச் சிலவே கொம்பு கோத்த சண்டையாகும். நிலம் கிடைக்காத ஆண்கள் எல்லாம் தனிக் கூட்டமாகச் சேர்ந்து ஓரத்தில் மேயும். எல்லா வயதுக் கொம்புகளையும் ஒரே பார்வையில் ஒப்பிட அந்தக் கூட்டமே நல்ல பாடப்புத்தகம்.

அச்சம் தோன்றும்போது கூட்டத்தில் ஒன்று, பெரும்பாலும் ஒரு பெண், நான்கு கால்களும் தரையை விட்டெழ நேர் மேலே துள்ளும். அடுத்தது துள்ளும், அதற்கடுத்தது துள்ளும், சில நொடிகளில் கூட்டமே துள்ளி, பிறகு ஓட்டமாக மாறும். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை எட்டும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் வேட்டை விலங்கு இன்று இந்தப் புல்வெளியில் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது: சிவிங்கிப்புலி. இந்தியாவில் அது அற்றுப்போனதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது. துரத்தியது மறைந்த பிறகும் மானின் கால்கள் அதை மறக்கவில்லை.

பெண், ஆறு மாதச் சினைக்குப் பின் பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும். குட்டி முதல் சில நாள்கள் உயர்ந்த புல்லில் அசையாமல் படுத்திருக்கும். தாய் பால் கொடுக்க மட்டுமே வந்து செல்லும். ஆகவே புல்லுக்குள் தனியே கிடக்கும் குட்டியைக் கண்டால் அது கைவிடப்பட்டது என்று எண்ணித் தூக்கக்கூடாது, தொடவும் கூடாது, வந்த வழியே விலகிவிட வேண்டும். அதற்கு இன்று பெரிய பகை ஊர்நாய்தான். எனவே தின்ற மிச்சத்தை அங்கே எறிந்து நாய்களை வரவழைக்காதீர்கள். உங்கள் வளர்ப்பு நாயை வண்டியில்கூடக் கொண்டுவராதீர்கள்.

படி 8: தலையைத் தூக்கி வானத்தையும் பார்த்தல்

குளிர்கால மாலையில் வெளிமானை மறக்கச் செய்யும் ஒரே காட்சி பூனைப்பருந்துகள் அடைய வருவது. மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே குளிர்காலத்தைக் கழிக்க வரும் இவை, மரத்தில் அடைவதில்லை. பொழுது சாயும் நேரத்தில் புல்லின்மேல் தாழப் பறந்து வந்து, ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கிப் புல்லுக்குள் தங்குகின்றன. சாம்பல் உடலும் கறுத்த இறக்கை நுனியும் உடையவை ஆண்கள். பழுப்பு உடலோடு வாலின் அடியில் வெண்பட்டை தெரிபவை பெண்களும் இளையவையும். வெட்டுக்கிளிகளே அவற்றுக்குப் பெரும் உணவு என்பதால், சுற்றியுள்ள நிலக்கடலைக் கொல்லைகளுக்கு அவை செய்யும் உதவி சிறியதன்று. அவை இறங்கும் இடத்தைக் கண்டுகொண்டாலும் அருகே செல்ல வேண்டாம்; கலைத்துவிட்டால் இருட்டில் வேறு இடம் தேட வேண்டியிருக்கும்.

காலை எட்டு, ஒன்பது மணியளவில் தண்ணீர் இருக்கும் பள்ளத்தின் ஓரத்தில் கல்கௌதாரிகளுக்காகக் காத்திருங்கள். கூவிக்கொண்டே வேகமாக வந்திறங்கிச் சில நொடிகளில் குடித்துவிட்டு எழுந்துவிடும். குஞ்சு இருக்கும் காலத்தில் ஆண் பறவை வயிற்று இறகுகளை நீரில் தோய்த்து, பஞ்சில் ஏற்றியதுபோல் தண்ணீரைச் சுமந்து சென்று குஞ்சுகளுக்கு ஊட்டும். பாம்புக் கழுகு ஒரே இடத்தில் சிறகடித்து நிற்பதையும், சாம்பல்தலை வானம்பாடி மேலே ஏறிச் சீழ்க்கையோடு கல்போல் விழுவதையும் இடையிடையே காணலாம்.

படி 9: தரையில் இருப்பவை

வளைக்கு வெளியே வெயில் காயும் குள்ளநரி, முயல், உடும்பு ஆகியவை பொறுமையுள்ளோருக்குக் கிடைக்கும். கண்ணாடி விரியன் போன்ற நச்சுப் பாம்புகளுக்கு ஏற்ற நிலம் இது என்பதால், கால் வைக்கும் இடத்தைப் பார்த்தே நடக்க வேண்டும்; பைனாகுலரில் பார்த்தபடி நடப்பது கூடவே கூடாது. கடி நேர்ந்தால் கீறுவதோ, உறிஞ்சுவதோ, இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழைத்து, நச்சு முறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும். அந்த மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சை எடுத்துத் தருவதில் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

படி 10: ஊராரும் சட்டமும்

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வெளிமான் இருக்கிறது. அதை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. ‘கன்சர்வேஷன் ரிசர்வ்’ எனப்படும் இந்த வகைக் காப்பகமோ 2002-இல் அச்சட்டத்தில் செய்த திருத்தத்தால் பிறந்தது. உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்து அறிவிக்கப்படுவதும், நிர்வாகக் குழுவில் ஊராட்சிப் பேராளர்களுக்கு இடமிருப்பதும் இதன் சிறப்பு. நம் மாநிலத்தில் திருநெல்வேலி மாவட்டத்துத் திருப்புடைமருதூர்ப் பறவைகளுக்கு 2005-இல் கிடைத்த பாதுகாப்பும் இதே வகையே.

சட்டத்தில் இப்படி எழுதியிருந்தாலும், வேலியில்லாத இந்தப் புல்வெளியில் மானைக் காப்பது சுற்றியுள்ள கொல்லைக்காரர்களின் பொறுமைதான். நிலக்கடலையும் கேழ்வரகும் விளையும் காலத்தில் மான்கள் இரவில் கொல்லையில் இறங்குகின்றன. பர்கூரிலும் பாலக்கோட்டிலும் காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் விழித்துக் காவல் காத்தவர்களுக்கு அந்த வலி புரியும். ஆகவே ‘இவ்வளவு அழகான மானைத் துரத்தலாமா’ என்று அங்குள்ள விவசாயியிடம் பாடம் நடத்தாதீர்கள். கொல்லைக்குள் அனுமதியின்றிக் கால் வைக்காதீர்கள், டிரோன் பறக்கவிடாதீர்கள், பீடி, சிகரெட் நெருப்பைக் கோடையில் அங்கே கொண்டே செல்லாதீர்கள்.

படி 11: திரும்புதல்

வெயில் ஏறிய பின் மான்கள் நிழலில் படுத்துவிடும். காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை அங்கே காத்திருப்பதில் பயன் குறைவு. அந்த இடைவேளையில் ஹிந்துப்பூருக்கு அருகிலுள்ள லேபாக்ஷிக் கோயிலின் விதான ஓவியங்களையோ, மதுகிரிக் கோட்டையின் அடிவாரத்தையோ பார்த்துவிட்டு, மாலையில் மீண்டும் வந்து பருந்துகள் அடையும்வரை இருக்கலாம். அன்று எண்ணியவற்றை, ஆண், இளம் ஆண், பெண், குட்டி என்ற வகைப்படி, நேரமும் இடமும் சேர்த்து அன்றிரவே நோட்டில் எழுதி வையுங்கள். பறவைகளை இ-பேர்ட் செயலியில் பதிந்தால் பிறருக்கும் பயன்படும். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் சென்று எண்ணும்போதுதான் முதல் ஆண்டுக் கணக்கின் மதிப்பு தெரியும்.

வண்டியில் ஏறும் முன் கால்சட்டையையும் காலுறையையும் பாருங்கள். ஊசிப்புல்லின் விதைகள் நூற்றுக்கணக்கில் குத்தி நிற்கும். அவற்றின் வால் ஈரம் பட்டால் முறுக்கவிழ்ந்து திருகித் திருகி மண்ணுக்குள் விதையை இறக்கும் வகையில் அமைந்தது. காலுறையில் இருந்தாலும் அது தன் வேலையை நிறுத்தாது என்பதை ஓசூர் வந்து சேர்வதற்குள் உங்கள் கணுக்கால் சொல்லிவிடும். பத்து நிமிடம் ஒதுக்கி, அவற்றை அங்கேயே பிடுங்கிப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.